மெமரித் தோடு

15.6.2008, ஞாயிறு

கம்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தை மூடிவிட்டார்கள். அங்கிருந்த பழைய சாமான் மொத்தமும் நம் கடையில் வந்து இறங்கியது. பேப்பரும் இரும்பும் எடைக்கு எடுத்துக்கொண்டிருந்த தேனிக் கடையில் இப்போது கூரை வரை கம்ப்யூட்டர். வாசலில் நின்று பார்த்தால் இந்தப் பாண்டியராஜன், அதாவது நான், பெரிய கம்பெனி முதலாளி. உள்ளே வந்து தட்டிப் பார்த்தால் எல்லாம் செத்த பெட்டி.

மதுரையிலிருந்து சரக்கு எடுக்க வரும் வியாபாரியை இன்றைக்குத்தான் கவனித்தேன். மற்ற தகடுகளைச் சாக்கில் வீசுகிறவர், ஒரு சாண் நீளப் பச்சைப் பட்டைகளை மட்டும் பொறுக்கித் துண்டில் முடிந்தார். “அது என்னண்ணே?” என்றேன். “மெமரிக் குச்சி. அதுல ஒண்ணுமில்ல” என்றார். ஒன்றுமில்லாததை எவனாவது துண்டில் முடிவானா? மீதிச் சாமானைப் பிறகு தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மகள் பூமாரி கல்லூரியில் கம்ப்யூட்டர்தான் படிக்கிறாள். குச்சியை நீட்டினேன். ஓரத்தில் சீப்புப் பல் போல வரிசையாக மஞ்சள் கோடு.

“தங்க முலாம்ப்பா. துருப்பிடிக்காம இருக்கப் பூசுறாக.”

“தங்கமா? நெசத் தங்கமா?”

“வெங்காயத் தோலுல நூறுல ஒரு பங்கு தடிமன் இருக்கும். ஆசப்படாதீக.”

ஆசைப்பட்டுவிட்டேன். என்ன செய்ய.

22.6.2008

தங்கச்சி பிச்சையம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ராயப்பன்பட்டியிலிருந்து வந்தாள். கல்யாணமாகிப் பதினாலு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. ஜோதிகா. என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்குவதற்கென்றே பிறந்திருக்கிறாள். ஆவணியில் குலசாமி கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துகிறார்களாம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் கொண்டுவருகிற தோட்டைத்தான் போட வேண்டும்.

கிளம்பும்போது என் காதோரமாக, “அண்ணே, நீ ஒண்ணும் சிரமப்படாத. சும்மா வந்து ஒக்காந்தாப் போதும். தோடு அவுக வாங்கிருவாக” என்றாள்.

நல்ல மனசோடுதான் சொன்னாள். அதுதான் உறுத்துகிறது. அத்தனை சொந்தத்துக்கு நடுவே வெறுங்கையோடு உட்காருகிற தாய்மாமன். நான் உட்கார்ந்தால் என் மடி கூட நாணும்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது சம்சாரம் முத்துப்பேச்சி சொன்னாள்: “என் கம்மல அழிச்சா பிள்ளைக்கு ரெண்டு தோடு வரும். குடுத்துருவோம்.”

தாலியைத் தவிர அவள் மேல் இருக்கிற தங்கம் அந்தக் கம்மல் ஒன்றுதான். அவள் அம்மா போட்டது. கடைக்குப் பிறகு, கடனுக்குப் பிறகு, பூமாரி படிப்புக்குப் பிறகு தப்பிப் பிழைத்தது. அதில் கை வைக்க மாட்டேன் என்றேன். பிறகு எதில் வைப்பீக என்றாள். மெமரிக் குச்சியில் என்றேன்.

பூமாரிக்குச் சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது. முத்துப்பேச்சி சிரிக்கவில்லை. இன்னொரு கரண்டிச் சோறு போட்டாள்.

24.6.2008

முதல் சோதனை. ஊறுகாய் பாட்டிலில் கைக்கு வந்த குச்சிகளைப் போட்டு, போடி நாயக்கனூர் ஆசாரி ராஜமணியிடம் கெஞ்சி வாங்கிய திராவகத்தை ஊற்றினேன். குளியலறை முழுக்கக் காவிப் புகை. பாட்டிலில் தயிர் திரிந்ததுபோல் வெள்ளைக் குழம்பு. தங்கம் இருந்த சுவடே இல்லை. என் அரைஞாண் கயிற்று வெள்ளி கறுத்துப்போனது. முத்துப்பேச்சி பாட்டிலோடு என்னையும் வெளியே தள்ளினாள். “இனிமே இந்த எழவ வீட்டுக்குள்ள வச்சீக, நான் பஸ் ஏறிருவேன்.”

அவள் அம்மா வீடு உத்தமபாளையம். பஸ் அடிக்கடி உண்டு. வம்பு வேண்டாம்.

29.6.2008, ஞாயிறு

பூமாரி பிரவுசிங் சென்டரில் படித்துவிட்டு வந்து திட்டினாள். “எல்லாக் குச்சியும் ஒண்ணாப்பா? வெள்ளப் பல்லு இருக்கிறது வெள்ளீயம். அதையும் சேத்துப் போட்டாத் தயிருதான் வரும்.”

இன்று முழுக்கக் கடையில் உட்கார்ந்து சாதி பிரித்தேன். பூமாரி சொன்ன இங்கிலீஷ் பெயர் ஒன்றும் வாயில் நிற்கவில்லை. நானாகப் பெயர் வைத்துக்கொண்டேன்.

குட்டையன்: இருப்பதிலேயே பழசு, அரைச் சாண் கூட இல்லை. முலாம் தடிப்பு. பேச்சு கம்மி, சரக்கு ஜாஸ்தி.

நடுவாந்திரம்: இதில் பாதிக்கு மஞ்சள் பல், பாதிக்கு வெள்ளைப் பல். நல்ல குடும்பத்தில் பிறந்தும் பாதிப் பேர் உருப்படவில்லை. வெள்ளைப் பல்லையெல்லாம் தனியே எறிந்தேன்.

நெட்டையன்: கூட்டம் இவன்தான். ஒருத்தனிடம் கொஞ்சம்தான், ஆனால் ஊரோடு திரண்டு வந்திருக்கிறான்.

மினுக்கி: புதுசு. பளபளப்பைப் பார்த்தால் கண் கூசும். பூசியிருப்பது பேருக்கு. இவளை நம்பிக் காரியத்தில் இறங்கக் கூடாது என்று மூட்டை கட்டி மூலையில் போட்டேன்.

தகரம் வெட்டும் கத்தரிக்கோலால் பல் வரிசையை மட்டும் நறுக்கினேன். உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. இந்த உழைப்பைப் பத்தாம் வகுப்பில் போட்டிருந்தால் முதல் தடவையிலேயே பாஸாகியிருப்பேன்.

6.7.2008

வீட்டில் தடை. எங்கே ஊறப்போடுவது? தங்கச்சி வீட்டுத் திராட்சைத் தோட்டம் ஞாபகம் வந்தது. மோட்டார் ரூம் ஆள் நடமாட்டமில்லாத இடம். காற்றும் உண்டு. தங்கச்சி மாப்பிள்ளை அழகரிடம், “ஒரு வாளி வச்சுக்கிறேன் மாப்ள” என்று மட்டும் சொன்னேன். தங்கம் என்று சொன்னால், தங்கம் வராதபோது அவர் வாயில் யார் விழுவது? அவர் கேலி பேச ஆரம்பித்தால் சின்னமனூர் வரைக்கும் கேட்கும்.

சிவப்புப் பிளாஸ்டிக் வாளி. கக்கூஸ் கழுவும் ஆசிட், புண்ணுக்குப் போட்டால் நுரைக்குமே அந்த மருந்து, காற்றடிக்க மீன் தொட்டி மோட்டார். தங்கத்துக்குக் கீழே இருக்கிற செம்பைக் கரைத்துவிட்டால் முலாம் தானே உரிந்து வருமாம். பூமாரி வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு வாத்தியார் வேலை பார்த்தாள்.

20.7.2008, ஞாயிறு

வந்துவிட்டது! தண்ணீர் பச்சைப் பசேல் என்றிருக்கிறது. அதற்குள் தங்கத் தாள் துணுக்குகள் — மீன் செதில் மாதிரி மிதந்து மிதந்து இறங்குகின்றன. குச்சித் துண்டுகளைச் சல்லடையில் அலசி எடுத்துவிட்டேன். தங்கம் அடியில் படியட்டும் என்று வாளியைச் சாக்குப் போட்டு மூடி வைத்தேன். பஸ்ஸில் வரும்போது பக்கத்து சீட்டுக்காரர், “என்ன அண்ணாச்சி, ஒத்தையில சிரிக்கிறீக?” என்றார்.

3.8.2008

காய்ச்சல். தோட்டத்துக்குப் போகவில்லை. தங்கம் எங்கே போய்விடப் போகிறது.

10.8.2008, ஞாயிறு

போய்விட்டது.

காலையில் தோட்டத்துக்குப் போனேன். கொடியெல்லாம் கவாத்து முடிந்து மொட்டையாக நின்றது. வெட்டின வாயில் நோய் ஏறாமலிருக்க, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீலக் கரைசலை மாப்பிள்ளை தூரிகையால் தடவிக்கொண்டிருந்தார். வருஷா வருஷம் செய்வதுதான்.

“வாங்க மச்சான். இந்தத் தடவ துத்தம் மட்டச் சரக்கு. கரைசலு பச்சையா இருந்துச்சு. அருவாள முக்கிப் பாத்தா செக்கச்செவேல்னு செம்பு பூத்துருச்சு. சுண்ணாம்பு பத்தலன்னு இன்னும் அள்ளிப் போட்டேன். நொரச்சுப் பொங்கிருச்சு! பெறகுதான் நீலத்துக்கு வந்துச்சு.”

“எந்த வாளி மாப்ள?”

“அங்கன மோட்டார் ரூம்ல இருந்த செவப்பு வாளிதான்.”

இந்தப் பக்கம் துத்தத்தை முதல் நாளே பிளாஸ்டிக் வாளியில் ஊறப்போட்டு விடுவார்கள். இரும்பு, பித்தளை ஆகாது. அவர் பிச்சையம்மாளிடம் ஊறப்போடச் சொல்லியிருக்கிறார். அவள் பிள்ளை அழுததில் மறந்துபோனாள். காலையில் இவர் வந்து பார்த்தால், பிளாஸ்டிக் வாளி, பக்கத்திலேயே துத்த மூட்டை, பச்சைத் தண்ணீர். பொண்டாட்டி கெட்டிக்காரி என்று அடி மண்டியோடு தூக்கி டிரம்மில் ஊற்றிவிட்டார்.

வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். வேறு வழியில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். கேலி செய்வார் என்று நினைத்தேன். செய்யவில்லை. “ஆசிட்டா? ஏன் மச்சான், எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? பிள்ள இங்கனதான தவழுது?” என்றார். அவ்வளவுதான். அதற்கு ஏச்சுப் பேச்சே வாங்கியிருக்கலாம்.

அந்த ஆசிட் அவர் கண்ணில் தெறித்திருந்தால்? அவர் அரிவாளை முக்கிப் பார்க்கிற ஆள். அதனால்தான் சுண்ணாம்பை அள்ளிப் போட்டார். அதனால்தான் ஆசிட் செத்தது. தங்கம் போனால் போகிறது. குலசாமிக்கு நூறு கும்பிடு.

11.8.2008

காலையில் முத்துப்பேச்சி காப்பி கொண்டுவந்தாள். காதைப் பார்த்தேன். கம்மல் இல்லை. இரண்டு துளையிலும் வேப்பங்குச்சி.

என்னடி இது என்றேன். “ஆவணி வரப்போகுதுல்ல. ஆசாரிகிட்ட நேரத்தோட குடுத்தாத்தான ஆகும்” என்றாள். கம்மலை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தடியில் வைத்துவிட்டாள்.

சண்டை போட்டிருந்தால் நல்லா இருந்திருக்கும். கிறுக்கு மனுசான்னு வஞ்சிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும். அங்கயும் இங்கயும் நடக்கிறா, பாத்திரம் கழுவுறா, காதுல குச்சி. நான் எந்தப் பக்கம் திரும்பி ஒக்காந்தாலும் அந்தக் குச்சிதான் கண்ணுல படுது. ஏலே பாண்டி, ஒனக்கு எதுக்குலே இந்த ரசவாதம்?

12.8.2008

அழகர் போன் செய்தார். மூச்சு வாங்குகிறது. “மச்சான், வடிகட்டின துணி!”

மறந்தே போனேன். சுண்ணாம்புக் கட்டி தூரிகையில் சிக்கக் கூடாதென்று கரைசலைப் பழைய வேட்டியில் வடிகட்டித்தான் எடுப்பார்கள். துணுக்கு அதைத் தாண்டிப் போயிருக்காது.

“துணி இருக்கா மாப்ள?”

“துணி இருக்கு. அதுல தங்குன சுண்ணாம்புக் கப்பியத்தான் தென்னமரத்தடியில ஒதறிட்டேன்.”

ஆனாலும் எனக்கு உயிர் வந்தது. முத்துப்பேச்சியிடம், ஆசாரியிடம் இப்போது போக வேண்டாம் என்றேன். சரி என்றாள். காதுக் குச்சியை எடுக்கவில்லை.

15.8.2008, வெள்ளி

கடை லீவு. நான், முத்துப்பேச்சி, பூமாரி மூவரும் முதல் பஸ்ஸில் போனோம்.

தென்னைமரத்தடியில் தங்கச்சி வீட்டுக் கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. அத்தனை பேரும் கத்திக்கொண்டு விரட்டினோம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் பாம்பு என்று கம்போடு வந்துவிட்டார்.

“கோழி தின்னுருந்தா?” என்றேன்.

“அறுத்துப் பாத்துருவமா?” என்றார் அழகர், ரொம்பப் பொறுப்பான முகத்தோடு.

“வெள்ளிக்கெழமையும் அதுவுமா அண்ணனுக்கு நாக்கு ஊறுது” என்றாள் முத்துப்பேச்சி. நாலு நாளில் அவள் பேசிய முதல் வேடிக்கை.

பிச்சையம்மாள் முறத்தை எடுத்துக்கொண்டு முட்டி போட்டுவிட்டாள். மண்ணும் சுண்ணாம்புக் கப்பியும் கோழி எச்சமுமாக வழித்து வழித்துச் சேர்த்தோம். வேட்டியின் மடிப்பில் பூமாரி ஒரு துணுக்கைக் கண்டுபிடித்தாள். வெயிலில் பிடித்தாள். மின்னியது. அழகர், “எலேய்… நெசந்தான்டா” என்று மச்சானை ‘டா’ போட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். மன்னித்தேன்.

வழித்ததை ஒரு சாக்கில் கட்டினோம். பிள்ளை ஒரு கைப்பிடி எடுத்து வாயில் போடப் பார்த்தாள். அவள் காதுக்கு வர வேண்டியது வாய்க்குப் போக இருந்தது.

17.8.2008

அதே மோட்டார் ரூம். இந்தத் தடவை வாசலில் அழகரே நாற்காலி போட்டுக் காவல். வாளி மேல் பூமாரி மண்டை ஓடு வரைந்து ஒட்டிவிட்டாள். சாக்கில் இருந்ததில் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். சுண்ணாம்பு சீறிக் கரைந்தது. மண் அடியில் தங்கியது. துணுக்குகளை அலசிப் பிரித்துத் துணியில் ஏந்தினோம். முழுதும் வரவில்லை. வந்தவரைக்கும் கோடி கும்பிடு.

21.8.2008

போடிக்குப் போனேன். ராஜமணி ஆசாரி ஈரத் துணியைப் பிரித்துப் பார்த்து, “எந்தக் கோயில் கலசத்தச் சுரண்டுன தம்பி?” என்றார். கம்ப்யூட்டர் என்றேன். “அதுல கணக்குத்தான போடுவாக?” என்றார்.

ராஜ திராவகத்தில் தங்கம் கரைந்து சாராயம் போல மஞ்சளாக நின்றது. இதுவா தங்கம் என்று விரலை விட்டேன். “யோவ்!” என்று கையைத் தட்டிவிட்டுக் குழாயடிக்கு இழுத்துப் போனார். பிறகு ஏதோ உப்பைப் போட்டதும் காப்பித் தூளாக அடியில் இறங்கியது. குகை என்கிற சின்ன மண் கிண்ணத்தில் வைத்து ஊதினார். தூள் சுருண்டு, உருண்டு, ஒரு மிளகளவுக்கு மஞ்சள் மணியாக நின்றது. உரைகல்லில் தேய்த்துப் பார்த்தார்.

“சுத்தமாத்தான் இருக்கு. தோட்டு முகப்புக்கு ஆகும். திருகுக்குப் பத்தாது.”

ஆக, தோடு காதில் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

22.8.2008

தங்கத் திராவகத்தில் விட்ட விரல் கருநீலமாகிவிட்டது. கழுவினாலும் போகவில்லை. கடைக்கு வருகிறவனெல்லாம், “எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டீக அண்ணாச்சி?” என்கிறான்.

31.8.2008, ஞாயிறு

மூலையில் கிடந்த மினுக்கி மூட்டையைப் போன வாரமே பிரித்தேன். இருக்கிறதே அதுதான். இரண்டு நாள் முத்துப்பேச்சியும் கூட உட்கார்ந்து நறுக்கினாள். என்னைவிட நேராக நறுக்குகிறாள். முருங்கைக்காய் நறுக்கின கை. தோட்டத்தில் ஊறப்போட்டு எடுத்து ஆசாரியிடம் கொடுத்தேன். கடுகளவுதான் தேறியது. ஆனால் திருகாணி இரண்டுக்குக் கடுகளவுதான் வேண்டுமாம்.

மினுக்கிகளைப் பற்றி முன்னால் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

5.9.2008

தோடு வந்தது. பருப்பில் பாதி கூட இல்லை. கண்ணாடி போட்டால்தான் தெரிகிறது. முத்துப்பேச்சி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். வெளியே வந்தபோது காதில் கம்மல். தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி அடுக்களைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

7.9.2008, ஞாயிறு

குலசாமி கோயில். மேகமலை பக்கம் மேகம் இறங்கி நின்றது, மழை விழவில்லை. மொட்டைத் தலையில் சந்தனம் பூசி ஜோதிகாவை என் மடியில் வைத்தார்கள். ஆசாரி முதல் காதைக் குத்தினார். பிள்ளை மலை அதிரக் கத்தியது. இரண்டாவது காதைக் குத்துவதற்குள் என் புது வேட்டி நனைந்துவிட்டது. “மாமனுக்குத் திருப்பிச் செஞ்சுட்டாளப்பா சீரு!” என்று ஒரே சிரிப்பு.

அழகருக்குப் பெரியம்மா முறை ஆகிற அம்மா குனிந்து பிள்ளையின் காதைப் பார்த்தார்கள். “சின்னதா இருந்தாலும் நெறம் நல்லாருக்கே. தேனியில எந்தக் கடையில எடுத்தீக?”

நான் வாயைத் திறப்பதற்குள் பிச்சையம்மாள் சொன்னாள்: “கடையில இல்ல பெரியத்த. எங்க தோட்டத்துல வெளைஞ்சது. எங்கண்ணன் வெளைய வச்சாக.”

அண்ணனை ‘வச்சாக’ என்று மரியாதை போட்டுச் சபையில் சொன்னாள். எனக்கு அது போதும். அழகர், “நானுந்தான் மருந்தடிச்சேன்” என்றார்.

9.9.2008

தங்கச்சி போன். வலது காது சிவந்து வீங்கியிருக்கிறதாம்.

கடையில் உட்கார முடியவில்லை. ஆசிட்டிலிருந்து வந்த தங்கம். பச்சைப் பிள்ளைக் காதில் போய்ப் போட்டேனே. கண்ட விஷமும் அதுல ஒட்டிட்டிருந்தா? ஆசாரிக்குப் போன் போட்டேன். “தம்பி, மூணு தண்ணி கழுவி உருக்கினது. கடைத் தங்கத்தவிடச் சுத்தம். மூணாம் நாளு எல்லாக் காதும் செவக்கத்தான் செய்யும்” என்றார். அவர் சொல்வார். பிள்ளை அவருடையதா?

10.9.2008

சின்னமனூர் டாக்டரிடம் காட்டினார்களாம். சூட்டுக்கு இருக்கும், எண்ணெய் போடுங்கள் என்றாராம். சாப்பிடப் பிடிக்கவில்லை. முத்துப்பேச்சி தன் கம்மலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள். வேண்டுமானால் அதையே மாற்றிவிடலாம் என்று நினைக்கிறாளோ. கேட்கத் தைரியமில்லை.

14.9.2008, ஞாயிறு

இருப்புக்கொள்ளாமல் ராயப்பன்பட்டிக்குப் போய்விட்டேன். கொடியில் கவாத்து பண்ணின இடமெல்லாம் தளிர் விட்டிருக்கிறது. என் வாளித் தண்ணீர் நாசம் பண்ணிவிட்டது என்று பயந்த வரிசைதான் முன்னால் நிற்கிறது. “அடுத்த தடவையும் ஒரு வாளி குடுங்க மச்சான்” என்றார் அழகர்.

ஜோதிகா தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். பிச்சையம்மாள் விளக்கைத் தூக்கிக் காட்டினாள். வீக்கம் இல்லை. சிவப்பு இல்லை. “சுத்திப் பாருண்ணே” என்றாள். தேங்காயெண்ணெய் தொட்டு, அந்தக் கருநீல விரலாலேயே தோட்டை மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினேன். வழுக்கிக்கொண்டு சுற்றியது. பிள்ளை முழிக்கவில்லை.